குறுக்கே வராத நாய்

சனிக்கிழமை, மாலை

அன்புள்ள கண்டக்டர் அம்மாவுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தாளின் மேல் பக்கம் கிறுக்கலாக இருப்பது அதனால்தான்.

தினமும் போனில் பேசுகிற புருஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எதைப் பேசினாலும் வேடிக்கையாகிவிடுகிறது. நீ சிரிப்பாய், நானும் சிரிப்பேன், சொல்ல வந்ததை முழுங்கிவிடுவேன். முழுங்குவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உனக்கே தெரியும். உன்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அந்த அக்கா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன். புதன்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். கையில் வாங்கியதும் நின்றபடியே பிரித்துவிடாதே. டியூட்டி முடிந்து, சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நம் இன்ஸ்பெக்டருக்குக் கணக்கில் எண்பத்தொன்று. அதற்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், உன் மகள்தானே. என் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவதை மட்டும் பரீட்சை நாளில்கூட அவள் விடவில்லை. காலையில் ஒரு முட்டை, மத்தியானம் அரைக் கிண்ணம் பருப்பு, இத்தனை மணிக்குத் தண்ணீர் என்று பதினாறு வயதுப் பெண் ஏழு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். என் பேன்ட் இடுப்பை மூன்றாம் முறையாகப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். இதற்கு மேல் பிடித்தால் இரண்டு பாக்கெட்டும் பின்பக்கம் போய்ச் சந்தித்துக்கொள்ளும் என்கிறார் தையல்காரர்.

இனி வியாழக்கிழமை விஷயம்.

ஸ்கூல் பஸ்ஸுக்குக் குறுக்கே நாய் வந்தது, நான் வண்டியை ஒடித்து நடைபாதையில் ஏற்றி நிறுத்தினேன், பஸ்ஸில் இருந்த பதினாலு சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். நீ போனிலேயே அழுதாய். அரை மணி கழித்து ஒரு குரல் செய்தி அனுப்பினாய். “பிள்ளைங்களையும் காப்பாத்தி அந்த வாயில்லாத ஜீவனையும் காப்பாத்திட்டீங்க, இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எனக்கு எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமா” என்றாய். அதை இதுவரை பதினோரு முறை கேட்டுவிட்டேன்.

நாய் வரவில்லை. எந்த நாயும் வரவில்லை. ரோடு காலியாகத்தான் இருந்தது.

இதை எழுதிய பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். இனி வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்து மாதத்துக்கு முன்னால் என் வயிற்றை வெட்டிச் சின்னதாக்கினார்களே, எதற்காக? நூற்று நாற்பத்தாறு கிலோவில் ஸ்டியரிங் என் வயிற்றில் உரசியது. சிக்னலில் பச்சை விழுவதற்குள் எனக்குக் கண் சொக்கியது. வருடா வருடம் டிரைவர்களைப் பரிசோதிக்கும் டாக்டர், இந்த உடம்போடு பிள்ளைகளை ஏற்றி ஓட்ட நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வண்டியை விடுவதா வயிற்றை விடுவதா என்று நீயும் நானும் ஒரு வாரம் பேசி, கடைசியில் வயிற்றை விட்டோம். ஆபரேஷன் முடிந்து, எனக்குத் தையல் ஆறி, நான் மறுபடி சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நீ விமானம் ஏறினாய். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் அவர்கள் வயிற்றைத்தான் வெட்டினார்கள், நாக்கை அப்படியே விட்டுவிட்டார்கள். பசி போய்விட்டது. ஆசை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

இனிப்பு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் டயட் மேடம் படம் போட்டுச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேர்க்கும், படுக்கத் தோன்றும். நீ போன இரண்டாவது மாதம் அதை நானே பரிசோதித்துப் பார்த்தேன். டீச்சர்கள் அறையிலிருந்து ஒரு துண்டு கேக் வந்தது. தின்றேன். கால் மணி நேரத்தில் காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் மல்லாந்து கிடந்தேன். புத்தியுள்ளவனாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். நான் வேறு பாடம் படித்தேன். கேக் ஒரே வாயாக இறங்குகிறது, அதனால்தான் மாட்டிக்கொள்கிறேன். மிட்டாயை நாக்குக்கு அடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டால் உடம்புக்குத் தெரியாது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு.

எங்கள் பஸ்ஸில் பிறந்தநாள் பிள்ளை கொண்டுவரும் மிட்டாயில் முதல் மிட்டாய் டிரைவர் மாமாவுக்குத்தான். அது நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கும் பழக்கம். அதை மறுத்தால் அந்தச் சின்ன முகம் வாடிப்போகும். வாங்கி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பச்சை டப்பாவில் போட்டு வைப்பேன். அழுகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு என்று பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்காவிடம் சொல்லியிருந்தேன். நம் பஸ்ஸில் பிள்ளைகள் அவ்வளவாக அழுவதில்லை என்பது அந்த அக்காவுக்கும் தெரியும்.

காலை டிரிப் முடிந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் வரை நடுவில் எனக்கு வேலையே இல்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் உனக்குத்தான் போன் செய்வேன். குழம்பு கொதிக்கிறது, வையுங்கள் என்று திட்டுவாய், ஆனால் வைக்கமாட்டாய். இப்போது அது உன் டியூட்டி நேரம். காலி பஸ்ஸில் நாற்பது சீட்டுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அந்த நேரம்தான். நாக்கில் அது கரையும் பத்து நிமிஷம் எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

ஒரு மாதம் கழித்து நடுக்கம் வர ஆரம்பித்தது. மிட்டாய் தின்று ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் கழித்து கை உதறும், கண் மங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறோமே, உடம்பில் சத்துக் குறைகிறது போல என்று ஒரு மிட்டாய் போட்டுக்கொண்டேன். பத்தே நிமிஷத்தில் சரியாகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா? திருட்டுத் தீனி மருந்தாகிவிட்டது. அன்றிலிருந்து நடுங்கினால் ஒன்று, நடுங்காமல் இருக்க முன்கூட்டியே ஒன்று. டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை ஒரு குட்டிப் பெண்ணுக்குப் பிறந்தநாள். கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். பதினோரு மணிக்குள் ஆறு தின்றிருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு, முடிவெட்டும் கடை இருக்கும் வளைவு வருவதற்கு முன்னாலேயே கை உதற ஆரம்பித்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். நான் டப்பாவைத் திறந்தேன். விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மிட்டாய்க் காகிதத்தைப் பல்லால் கிழித்தேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது அக்கா “தம்பி” என்று கத்தியதுதான். நடுவில் எத்தனை நொடி நான் இல்லாமல் போனேன் என்று எனக்குத் தெரியாது. கால் எப்படியோ பிரேக்கைத் தேடிப் பிடித்திருக்கிறது. முன்சக்கரம் நடைபாதைமேல் ஏறி, கடைக்கு வெளியே போட்டிருந்த ஒரு நாற்காலியை நொறுக்கிவிட்டு வண்டி நின்றது. அதில் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அவரை உள்ளே கூப்பிட்ட முடிவெட்டுகிறவரைத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

கூட்டம் கூடியது. என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். நாய் என்று என் வாய் சொன்னது. மிட்டாய் இன்னும் அதே வாயில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் நான்தான் ஓட்டினேன். ஆமாம், ஓட்டினேன், நீ பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. இரண்டு டிரிப்பும் அந்த அக்கா தன் சீட்டில் உட்காரவே இல்லை. என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே என் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்று காலை வீட்டுக்கே வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் டியூஷனுக்குப் போயிருந்தது நல்லதாயிற்று. விபத்து நடந்ததைப் பற்றிப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள், அதில் பார்த்த சாட்சி என்று அவரும் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை கடைசி நாள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். இனி தொடமாட்டேன் என்றேன். வேலை போனால் என் கதி என்ன என்றேன். கடைசியில் குரலை உயர்த்தி, உங்களுக்கு என்ன போயிற்று, ஒரு கையெழுத்துதானே என்று கேட்டுவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, நாயும் வரல, நரியும் வரல. பிரேயருக்கு முன்னாடி நீங்களே போய் சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும். அதை என்னை செய்ய வைக்காதீங்க” என்றார். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிரேயருக்கு முன்னாடி என்று அவர் ஏன் சொன்னார் தெரியுமா? திங்கட்கிழமை பிரேயரில் பிரின்சிபால் மேடம் என்னை மேடைக்குக் கூப்பிட்டு எல்லாப் பிள்ளைகளையும் கைதட்டச் சொல்லப் போகிறார்.

அக்கா போன பிறகு டயட் மேடத்துக்குப் போன் போட்டேன். என் நண்பர் ஒருவருக்கு இதே ஆபரேஷன், அவருக்கு இப்படி நடுக்கம் வருகிறதாம் என்று ஆரம்பித்தேன். அவர் விளக்கினார். இனிப்பு இந்தச் சின்ன வயிற்றில் நிற்காமல் நேராகக் குடலில் போய் விழுகிறது. உடம்பு பயந்துபோய், ரத்தத்தில் ஏறிய சர்க்கரையை இறக்குவதற்கு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடுகிறது. அப்போது மறுபடி மிட்டாய் தின்றால் ஏறும், அதே வேகத்தில் மறுபடி இறங்கும். நான் மருந்து என்று நினைத்தது அடுத்த நடுக்கத்துக்கு விதை. எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், “அந்த நண்பர் வண்டி எதுவும் ஓட்டுறாரா?” என்று கேட்டார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். “ஓட்டக் கூடாதுன்னு சொல்லுங்க. நாளைக்கு இல்ல, இன்னைலேருந்தே. வியாழக்கிழமை அவரை நேர்ல வரச் சொல்லுங்க” என்றார். என் பெயரைச் சொல்லி நேரம் எழுதிக்கொண்டார். நண்பரின் பெயரைக் கேட்கவே இல்லை.

போனை வைத்து பத்து நிமிஷம் இருக்கும். ஜன்னலோரம் நின்று, யாருக்கும் தெரியாமல் இதை எப்படிச் சமாளிப்பது, ஒரு மாதம் லீவு போடலாமா, இன்றோடு மிட்டாயை விட்டுவிட்டால் போதாதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், என் வாயில் ஒரு மிட்டாய் இருந்தது. சட்டைப் பையிலிருந்து எப்போது எடுத்தேன், எப்போது பிரித்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. அதைத் துப்பிவிட்டு வந்துதான் இந்தத் தாளை எடுத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கை என்னுடையது, ஆனால் என்னைக் கேட்டு வேலை செய்யவில்லை. அதே கைதான் ஸ்டியரிங்கையும் பிடிக்கிறது.

இன்ஸ்பெக்டர் வரும் சத்தம் கேட்கிறது. மடித்து வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

காலையில் வழக்கம்போலப் பத்து மணிக்கு நீ போனில் வந்தாய், நான் எடை மெஷினில் ஏறினேன், இன்ஸ்பெக்டர் கேமராவைக் கீழே பிடித்தாள். தொண்ணூற்றாறு புள்ளி நான்கு. நீ கைதட்டினாய். உனக்குப் பின்னால் நின்றிருந்த யாரோ ஒரு பெரியவரும் கைதட்டினார். ஏழு மாதமாக அந்த எண் இறங்குவதைப் பார்த்து நான் ஒழுங்காக இருக்கிறேன் என்று நம்பிவிட்டாய். உன்மேல் தப்பில்லை, நானும் அப்படித்தான் நம்பினேன். எடை குறையும்வரை ஒரு குற்றமும் இல்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மிட்டாய்க்கு எடை ஏது?

நாளைக்கு மேடையில் கூப்பிடும்போது யாரிடமாவது சொல்லி வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றாய். சரி என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன்.

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று உட்கார்ந்த கடிதத்திலும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். எழுத வெட்கமாக இருந்தது.

என் சீட்டுக்கு நேர் பின்னால் ஒரு ஐந்து வயதுப் பெண் உட்காருவாள். முன்சீட்டு என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். நான் இளைத்த புதிதில், யானை மாமா எங்கே போனார், நீங்கள் யார் என்று கேட்டாளே, உனக்குச் சொல்லியிருக்கிறேன், அவள்தான். வெள்ளிக்கிழமை காலை டீச்சர் அந்தப் பதினாலு பிள்ளைகளையும் முந்தின நாள் நடந்ததை வரையச் சொல்லியிருக்கிறார். பதின்மூன்று பேர் நாய் வரைந்திருக்கிறார்கள். கறுப்பு நாய், புள்ளி நாய், ஒன்றுக்கு ஐந்து கால். நான் பார்க்காத நாயை அந்தப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், ஏனென்றால் டிரைவர் மாமா சொன்னார். நோட்டீஸ் போர்டில் வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். முன்சீட்டு மட்டும் ஒரு மிட்டாய் வரைந்திருந்தாள். நடுவில் உருண்டை, இரண்டு பக்கமும் முறுக்கிய காகிதம். அதன் கீழே டீச்சர் சிவப்பில், நாய் எங்கே என்று எழுதியிருந்தார்.

நாய் வரவில்லை, மாமா மிட்டாய் தின்றார் என்று அவள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், வீட்டிலும் சொல்லியிருக்கிறாள். உயிரைக் காப்பாற்றியவரைப் பற்றி இப்படிப் பொய் சொல்லலாமா என்று அவள் அம்மா கோபித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அவளை வீட்டில் இறக்கிவிடப் போனபோது, அந்த அம்மா மகள் கையைப் பிடித்து என் ஜன்னல் பக்கமாகக் கூட்டி வந்தார். அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். பென்சிலில் கோணல் எழுத்து. பொய் சொன்னேன் மாமா, மன்னிச்சிடுங்க. அவளுக்கு எழுதத் தெரியாது, அம்மா புள்ளி வைத்துக் கொடுத்து அதன்மேல் எழுத வைத்திருக்கிறார். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பரவாயில்லடா கண்ணு என்று சொல்லிக் காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம், குழந்தைதானே, விடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன். அப்போது அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என் வாழ்நாளில் மறக்க முடியாது. நேற்று வீட்டுக்கு வந்தது அந்தப் படிவத்துக்காக இல்லை. இதற்காகத்தான்.

நம் மகளுக்கு ஐந்து வயதில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நீ அவனைச் சும்மா விட்டிருப்பாயா?

காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இதோடு வைத்து உனக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை, சாயங்காலம்

சொல்லிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கே வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜருக்குப் போன் செய்து, இன்று நான் ஓட்டமாட்டேன், வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். மேடை ஏற சட்டை இஸ்திரி போட நேரம் வேண்டுமா என்று கிண்டல் செய்தார். டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். இருபது வருஷத்துக்குப் பிறகு டிக்கெட் எடுத்துப் பயணம் செய்தேன். அந்த டிரைவர் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரின்சிபால் அறையில் அவரும் மேனேஜரும் இருந்தார்கள். அக்கா வாசலில் நின்றார். இரண்டு நாளாக இங்கே தாள் தாளாக எழுதியது அங்கே நான்கு வரியில் முடிந்துவிட்டது. சர்க்கரை இறங்கி மயங்கினேன். இனிப்பு தின்றதால் அப்படி ஆனது. ஆறு மாதமாகத் தின்கிறேன். நாய் வரவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேனேஜர் மட்டும், “பதினாலு பிள்ளைங்கய்யா” என்றார். அதையே மறுபடியும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாவியை மேஜைமேல் வைத்தேன். என் சாவி வளையத்தில் நம் வீட்டுச் சாவியும் கிடந்தது. அதைக் கழற்றக் கை வரவில்லை, அக்காதான் வந்து கழற்றிக் கொடுத்தார்.

பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறார்கள். லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கும் எழுதுவார்கள். அதற்குப் பிறகு என்ன என்று மேடத்துக்கே தெரியவில்லை. இனி என்னிடம் வண்டியைக் கொடுப்பார்களா என்று நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மற்ற யாருக்கும் சொல்வதற்கு முன்னால் முன்சீட்டுக்கு நான் சொல்ல வேண்டும்.

அம்மாவும் மகளும் வந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன், அப்போதுதான் அவள் உயரத்துக்கு வர முடிந்தது. நீ பொய் சொல்லவில்லை, மாமாதான் பொய் சொன்னேன், நாய் வரவில்லை, நான் மிட்டாய்தான் தின்றேன் என்றேன். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அந்த அணைப்புக்குள்ளிருந்து அவள் முகத்தை வெளியே எடுத்து என்னிடம் கையை நீட்டினாள்.

“அப்போ என் லெட்டரைக் குடுங்க.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, அவளுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டு, மடித்துத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவ்வளவுதான். அதனால் அதை உனக்கு அனுப்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, இன்று அரைநாள் பள்ளி முடிந்து வந்திருந்த இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் அந்தச் சாப்பாட்டு நோட்டைக் கொண்டுவந்து, பேனாவோடு என் முன்னால் போட்டாள். “நான் எழுதாததையெல்லாம் நீங்க எழுதுங்கப்பா” என்றாள். இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன், நாலரை ஆயிற்று. ஒவ்வொரு நாளின் ஓரத்திலும் நினைவிருக்கும்வரை எழுதினேன். அவள் அழகாகக் கோடு போட்டு வைத்திருந்த பக்கங்களில் என் கோழிக்கிறுக்கல். அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை. ஆனால் வியாழக்கிழமை டயட் மேடத்திடம் தானும் வருவேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பச்சை டப்பா அக்காவிடம் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் சொல்லாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும் இந்த நிமிஷத்திலும் நாக்கு கேட்கிறது. உன்னிடம் இனி மறைக்கமாட்டேன் என்று பெரிதாகச் சத்தியம் செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் இப்போது கேட்கிறது என்பதை எழுதிவிட்டேன், பார்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அந்தக் குரல் செய்தியை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு முறை விரலை வைத்து எடுத்துவிட்டேன். அனுப்பியவள் நீ, அங்கிருந்து நீயே அழித்துவிடு. பெருமையாகச் சொன்னவர்களிடம் உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கும், அந்தத் தலைகுனிவை உனக்குக் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தால் திட்டு. பேசப் பிடிக்கவில்லை என்றால் நான்கு நாள் பேசாதே. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மெஷினை வெளியே எடுக்கமாட்டேன். போனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டால், எத்தனை கிலோ என்று கேட்காதே. இந்த வாரம் நாக்கு எத்தனை முறை மிட்டாய் கேட்டது என்று கேள். சொல்கிறேன். எதுவுமே கேட்கத் தோன்றவில்லை என்றாலும் சும்மா கூப்பிடு.

இப்படிக்கு,
உன் டிரைவர் என்று எழுதிப் பழகிய கை எழுதிவிட்டது. அடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்த்து முடிவு செய்.